சந்தில் விழாதவன்

டீக்கன் டுவேனின் முன்பல் இரண்டு போனபோது மணி பகல் இரண்டுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டை நீட்டுகிற மனிதர். வயது ஐம்பத்தொன்று, சர்க்கரை வேறு. அவரைச் சந்துக்குள் நிற்கவைத்து மோதியவன் வெல்டர் ரெஜி. கேஷியஸ் லவெர்ன் பெரியவனா, மார்லன் கிலரி பெரியவனா என்பதற்குத்தான் இந்தச் சண்டை. டீக்கன் மார்லன் கட்சி. புல்லில் உட்கார்ந்து வாயைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு, "பத்தொம்பது வருஷம்டா, பத்தொம்பது வருஷம்" என்று ரத்தமும் எச்சிலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெஜி அவருடைய பற்களைப் புல்லுக்குள் தேடிக் கொடுத்தான். அந்த மட்டுக்கும் மரியாதை இருந்தது.

போர்ட் லமாரில் ஆட்டம் என்றால் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அதைப் பற்றிய வழக்கு எதையும் வாயால் தீர்ப்பதில்லை. பேச்சு முற்றினால் சந்துதான். வைக்கோல் மூட்டை கனத்துக்கு இரண்டு நீளப் பைகளை ஒன்றரை கெஜம் இடைவெளி விட்டுத் தரையில் போடுவார்கள். ஒரு முனையில் பந்தோடு ஒருவன், மறு முனையில் வெறுங்கையோடு இன்னொருவன். விசில் ஊதியதும் ஓடி வந்து மோத வேண்டியதுதான், விலக இடமே கிடையாது. பந்துக்காரன் மறுபக்கம் போய்விட்டால் அவன் பேசியது சரி, விழுந்தால் தப்பு. நெஞ்சுக்கு நெஞ்சு மோத வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்குகிறவனை மனிதன் என்றே யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூட நாட்களில் கோச் மூட்டன் புதன்கிழமைதோறும் வைத்த பயிற்சி அது. கோச் செத்துப் பதினாறு வருடமாகிறது. இந்தக் கிழட்டு ஜென்மங்கள் இன்னும் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் கூடி, கெளுத்தி வறுவலும் பீரும் தீர்வதற்குள் ஒருவன் விலாவை ஒருவன் உடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேருகிறார்கள். தோள்கவசம் மட்டும் உண்டு, ஹெல்மெட் கிடையாது. ஹெல்மெட் இருந்தால் தலையாலேயே முட்டிச் செத்துப்போவார்கள் என்று சங்கத் தலைவர் ஹோரஸ் தடை போட்டுவிட்டார். புத்தி வந்துவிட்டதாம்.

இந்த வருடத்து வழக்கு சந்தில் தீருகிற வழக்கு இல்லை. காலையிலிருந்து நாலு ஜோடி மோதி, இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. பள்ளிக்கூடம் புதுக் கட்டடச் சுவரில் முப்பத்து மூன்று என்று பெரிதாக எழுதப் போகிறது. இனிமேல் பனியனில் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு பெயர். அந்தப் பெயரைப் பழைய ஆட்டக்காரர்கள் சங்கமே முடிவு செய்யட்டும் என்று பள்ளிக்காரர்கள் கையைக் கழுவிக்கொண்டார்கள். முப்பத்து மூன்றைப் போட்டு ஓடியவர்கள் இரண்டே பேர். முதலில் கேஷியஸ், அவனுக்கு அப்புறம் மார்லன்.

மார்லனின் அண்ணன் ஆல்வின் கிலரி மீன் பொரிக்கிற சட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். நாற்பத்தேழு வயது. சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிற வேலை. அவன் கேட்டது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கேஷியஸின் காலை ஆல்வின் வேண்டுமென்று ஒடிக்கவில்லை என்று இந்த ஊரில் யாராவது ஒருவன் நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டும். முப்பது வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தான்.

ஊர் சொல்லும் கதை இது. தொண்ணூற்று மூன்றாம் வருடம், பதினாறு வயதில், கேஷியஸ் ஒரே பருவத்தில் மூவாயிரத்துப் பன்னிரண்டு கெஜம் ஓடினான். நாற்பத்து நாலு முறை கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். மழையில் ஆரஞ்ச்ஃபீல்டுக்காரர்களோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் நானூற்றுப் பதினேழு. அன்றைக்கு அவனை மறிக்கப் போனவர்களில் ஒருவனுக்குத் தாடை இரண்டாகப் பிளந்தது, இன்னொருவன் அம்மா பெயரை மறந்து ஆம்புலன்ஸில் போனான். அவனைத் தங்கள் அணிக்கு இழுக்க வந்த கல்லூரிக்காரர்களின் கார்கள் அவன் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. அடுத்த ஆகஸ்ட்டில், ஒரு திங்கட்கிழமை, முட்டி சற்றுப் பிசகியது. அப்படி அடிபட்டவனுக்குச் சிவப்பு பனியன் போட்டுவிடுவது வழக்கம். சிவப்பு போட்டவனை யாரும் தொடக்கூடாது. புதன்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகு மைதானத்தில் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சந்துக்கு நடுவே கேஷியஸ் கிடக்கிறான், கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருக்கிறது, பல்லுக்கு நடுவே சிவப்பு பனியன். பக்கத்தில் ஆல்வின். அத்தோடு போயிற்று கேஷியஸின் ஓட்டம். காலியான இடமும் எண்ணும் அதே மாதம் யாருக்குக் கிடைத்தன? ஆல்வினின் தம்பிக்கு, பதினாலு வயது மார்லனுக்கு. ஊருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

ஆல்வின் சொன்னது வேறு. பனியனைக் கேஷியஸே கழற்றி எறிந்தான், வாடா ஒரு தடவை என்று அவனேதான் கூப்பிட்டான், அவன் வலியில் நாக்கைக் கடித்துவிடாமல் இருக்கத்தான் பனியனை எடுத்து வாயில் திணித்தேன் என்றான். யாரும் நம்பவில்லை. கேஷியஸும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. யார் கேட்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு ஆல்வின் வாங்கியதைச் சொல்லி மாளாது. கல்யாணமான வாரம் வீட்டு ஜன்னல்கள் அத்தனையும் செங்கல்லால் உடைந்தன. ஆலையில் அவன் பெட்டியில் செத்த பாம்பு கிடந்தது. மளிகைக் கடையில் ஒரு கிழவி அவன் சட்டையில் துப்பினாள். ஒவ்வொரு ஆகஸ்ட்டும் யாராவது ஒருவன் அவனைச் சந்துக்குள் கூப்பிடுவான், அவனும் போய் நிற்பான். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பிடிவாதம். மூக்கு மூன்று முறை உடைந்தது. வலது காது பாதி கேட்காது. பெண்டாட்டி, இந்த வெறிபிடித்த ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் தான் மட்டும் போனாள்.

நம்பியவன் ஒரே ஒருவன். மார்லன். பதினாலு வயதில் அண்ணனின் கண்ணைப் பார்த்து, நீ தெரிந்து செய்தாயா என்று கேட்டான். இல்லை என்றான் ஆல்வின். அதற்குப் பிறகு மார்லன் அந்தக் கேள்வியை எடுக்கவேயில்லை.

மார்லனும் இன்று வந்திருந்தான். நாற்பத்து நாலு வயதுக்கு அறுபது வயதுக்காரனைப் போல நடந்தான். பள்ளியில் நாலு வருடம், கல்லூரியில் நாலு, காசுக்கு ஆடிய பெரிய ஆட்டத்தில் பதினொன்று. ஒரு வருடம்கூட அவன் முதலிடத்தில் வந்ததில்லை. ஒரு ஆட்டம்கூடத் தவறவிட்டதும் இல்லை. பந்து கிடைத்தால் நாலு கெஜம் எடுப்பான். அடி வருகிற பக்கத்தைப் பார்த்து இடது பக்கமாக நழுவுவான், இல்லாவிட்டால் ஓரக்கோட்டுக்கு வெளியே கால் வைத்து அடியிலிருந்து தப்பிவிடுவான். ஊரில் அவனுக்கு 'வேலிப்பக்கம்' என்று பட்டப்பெயர். ஆனாலும் பத்தொன்பது வருட அடி அடிதானே. கழுத்தில் இரண்டு ஆணி, கணுக்காலில் ஐந்து. சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காது. சாவியைப் பல்லால் திருப்புகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போர்ட் லமாரில் பார்க்கலாம்.

ஹோரஸ் கோல் கம்பத்துக்குப் பக்கத்துக் கோட்டில் நின்று ஆளுக்கு ஒரு வார்த்தை பேசச் சொன்னார். ஒரு வார்த்தையாவது. ரெஜி கால் மணி நேரம் பேசினான். ஒரு ஆள் எவ்வளவு பெரியவன் என்பது அவன் உச்சத்தில் இருக்கும்போது எதிராளி முகத்தில் தெரிய வேண்டும், பேருந்து ஓட்டுநர் மாதிரி வருடக் கணக்குக் காட்டக்கூடாது என்றான். மார்லனைப் பார்த்து யாராவது பயந்தார்களா, ஒரே ஒருவன் பெயரைச் சொல்லுங்கள் என்றான். டீக்கன் கைக்குட்டையை எடுத்துவிட்டு எழுந்தார். ஒரு வருடம் எவன் வேண்டுமானாலும் பேய் பிடித்த மாதிரி ஓடலாம், இருபது வயது எருதுகள் வருடா வருடம் புதிதாக வந்து மோத, முப்பத்து மூன்று வயதிலும் எழுந்து நிற்கிறவன்தான் ஆள் என்றார். ஒருவன் கேஷியஸுக்குக் கால் போகாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். போயிற்றே, அதுதானே விஷயம் என்றான் இன்னொருவன். உடனே எல்லார் கண்ணும் மீன் சட்டிப் பக்கம் திரும்பியது. ஆல்வினுக்கு அது பழகிய பார்வைதான், இருந்தாலும் காது மடல் சுட்டது.

ஓட்டு என்றால் காகிதம் இல்லை. கேஷியஸுக்கு என்பவன் கோட்டுக்குத் தெற்கே, மார்லனுக்கு என்பவன் வடக்கே போய் நிற்க வேண்டும். முப்பத்தொன்பது பேர். தள்ளுமுள்ளோடு பிரிந்து நின்றபோது தெற்கே இருபது, வடக்கே பதினாறு. மார்லன் எந்தப் பக்கமும் போகவில்லை, பந்து வைக்கிற பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஆல்வினும் போகவில்லை. மிச்சம் ஒருவன் கேஷியஸ்தான்.

கேஷியஸ் டயர் கடை வைத்திருக்கிறான். பெருத்த உடம்பு, இடது முட்டியில் செயற்கை மூட்டு. காலை இழுத்து இழுத்து நடந்து கோட்டுக்கு வந்து, ஹோரஸின் கையிலிருந்த விசிலை வாங்கி ஒரு ஊது ஊதினான். கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.

"எங்கம்மா மார்ச் மாசம் போய்ட்டா. உங்களுக்கெல்லாம் தெரியும்," என்றான். "அவ இருக்கறவரைக்கும் இதைச் சொல்ல முடியல. அந்தத் திங்கக்கிழமை ராத்திரி பைபிள் மேல கை வச்சு சத்தியம் வாங்கினா, சிவப்பு பனியனைக் கழட்ட மாட்டேன்னு. புதன்கிழமை நான்தான் கழட்டினேன். ரெண்டு நாளா பொம்பளைப் புள்ளை மாதிரி ஓரமா உக்கார வச்சுட்டாங்களேன்னு எரிச்சல். நான்தான் ஆல்வினைக் கூப்பிட்டேன். அவன் வேணாம்னான். பயந்தாங்கொள்ளின்னு திட்டினேன், அப்புறம்தான் வந்தான்."

எங்கேயோ ஒரு பீர் டப்பா தரையில் விழுந்தது. ஆல்வின் இரண்டடி முன்னால் வந்தான். காதால் கேட்டதை நம்ப முடியவில்லை.

"முப்பது வருஷமா அவனை நாய் மாதிரி அடிச்சீங்க. நானும் பாத்துட்டே இருந்தேன், வாயைத் தொறக்கல. அது என் பாவம்." கேஷியஸ் ஆல்வினைப் பார்த்துத் தலையாட்டினான். "இன்னொண்ணும் சொல்லணும். அவன் என்னை நேருக்கு நேரா மோதித்தான் சாய்ச்சான். தலையைக் குனிஞ்சுட்டு ஓடினேன், அவ்வளவுதான் ஞாபகம், அடுத்தது வானம். முப்பது வருஷமா அதையே நெனச்சுப் பாக்கறேன். என்னமோ பெரிய புடுங்கின்னு இருந்தேன், ஒரே ஒரு அடியில கீழ கெடந்தேன். மார்லன் பத்தொம்பது வருஷம் அடி வாங்கி எந்திரிச்சு வந்தான். ஒரு அடி தாங்காதவன் பேரு செவுத்துல எதுக்கு?"

சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வடக்குப் பக்கம் போய் நின்றான்.

தெற்கே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ரெஜி கோட்டைத் தாண்டினான். பின்னால் நாலு பேர், ஏழு பேர். வடக்கே போகிற வழியில் ஒவ்வொருவனாக ஆல்வினிடம் வந்தான். போன வருடம் அவன் விலாவை உடைத்தவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ரெஜி கையைப் பிடித்து, "மன்னிச்சுடுடா மச்சான், நாங்க கண்ணு தெரியாத முண்டங்க" என்றான். ஹோரஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். முப்பது வருடம் ஆல்வின் எதை வேண்டினானோ அது அவன் மடியில் வந்து விழுந்தது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மார்லனின் முகத்தைப் பார்த்தான். மார்லன் சிரித்துக்கொண்டிருந்தான். குழந்தையாக இருந்தபோது சிரித்த சிரிப்பு. நான் சொன்னேன் இல்லையா என்று ஊரையே கேட்கிற சிரிப்பு.

ஆல்வின் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்? எல்லாம் முடிந்துவிட்டது. மார்லனின் பெயர் சுவருக்குப் போகப் போகிறது. இனி ஜன்னல் உடையாது. ஆனால் வடக்கே தலை குனிந்து நின்ற கேஷியஸைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு வருடம் புதன்கிழமை புதன்கிழமையாக அவனுக்கு எதிரே சந்தில் நின்றது ஊரா? ஆல்வின்தானே நின்றான். பந்தோடு வருகிறவனை விழத்தட்டுவதுதான் அவனுக்குக் கோச் கொடுத்த இடம். கேஷியஸ் வருவது தெரியும், எந்தக் கணத்தில் வருவான் என்பதும் தெரியும், ஆனாலும் நெஞ்சில் வந்து மோதும்போது மூச்சு அப்படியே நின்றுவிடும். வாயில் இரும்பு ருசி. சில வாரம் சிறுநீர் சிவப்பாகப் போகும். ஒரு முறை மல்லாந்து கிடந்த ஆல்வினின் நெஞ்சிலேயே கேஷியஸ் மிதித்துவிட்டுப் போய், திரும்பி வந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அடுத்த வாரம் இன்னும் அழுத்தி நில்லு என்றான். அவனையா ஒரு அடி தாங்காதவன் என்பது?

"நீ விழல, கேஷியஸ்," என்றான் ஆல்வின்.

குரல் சரியாக எழும்பவில்லை. கேஷியஸ் என்ன என்று கேட்டான். ஆல்வின் கோட்டுக்கு நடந்து வந்தான்.

"நெஞ்சுக்கு நெஞ்சு மோதல. நான் கீழ போனேன். எந்தக் காலு வீங்கியிருக்குன்னு திங்கக்கிழமையே பாத்து வச்சிருந்தேன். நீ குனிஞ்சு வந்தப்போ ஹெல்மெட்டை நேரா இடது முட்டில வச்சேன். தவறிப் படல. தெரிஞ்சேதான் வச்சேன்."

தம்பிக்காகவா என்று ஹோரஸ் கேட்டார்.

"அவன் நெனப்பே வரல. நாப்பது தடவை சந்துல நின்னேன், ஒரு தடவைகூட இவனை நிறுத்த முடியல. ஒரே ஒரு தடவை இவனைக் கீழ பாக்கணும்னு இருந்துச்சு. வேற வழி எனக்குத் தெரியல."

கேஷியஸ் வந்த வேகத்தில் அந்தக் காலில் இருப்பது பொய்முட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆல்வினின் தொண்டையைப் பிடித்துக் கோல் கம்பத்து அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போய், கம்பத்தில் பின்மண்டையை மோதினான். இரண்டாம் முறையும் மோதினான். தோல் கிழிந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கியது. ஆல்வின் கையைத் தூக்கவில்லை.

"என்னை நீ நிறுத்தவே இல்ல?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல. என்னால மட்டும் இல்ல, எவனாலயும் முடிஞ்சிருக்காது."

கழுத்தைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கேஷியஸின் தாடை ஆடியது. அழப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு தொந்தி குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. "கேட்டீங்களாடா? இவன் என்னை நிறுத்தவே இல்லையாம்டா," என்று மைதானத்தைப் பார்த்துக் கத்தினான். தன் பொய்முட்டியைத் தானே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டான். கால் போன துக்கமெல்லாம் அவனுக்கு எப்போதோ ஆறிவிட்டிருந்தது. ஆறாமல் கிடந்தது தோற்றுப்போனோம் என்ற அந்த ஒன்றுதான், அது இப்போது போய்விட்டது. வடக்கே போனவர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே திரும்பி வந்தார்கள். டீக்கனும் வந்தார். சொந்தக் கூட்டத்து ஆளே காலை ஒடித்தால்தான் நிறுத்த முடியும் என்றால் அதற்கு மேல் வழக்கு என்ன இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். கேஷியஸை நாலு பேர் தோளில் தூக்கினார்கள், கனம் தாங்காமல் போட்டார்கள்.

வடக்கே ஒருவனும் இல்லை.

ஆல்வின் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான். இதோடு முடிந்தது, நாளைக்கு ஊர் கொன்றாலும் கொல்லட்டும் என்று ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது. நிமிர்ந்தபோது எதிரே மார்லன் நின்றான். சிரிப்பு முகத்தில் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை.

"அன்னிக்கு உன்னைக் கேட்டேன்," என்றான் மார்லன்.

"கேட்டே."

"இல்லன்னு சொன்னே."

"ஆமா."

"எனக்கு ஆறாவது வருஷமே போதும்னு ஆயிடுச்சுண்ணே. கழுத்துல மொத ஆணி போட்டப்போ டாக்டரே சொன்னாரு, விட்டுருன்னு. விட்டா என்ன சொல்லுவாங்க? அண்ணன் காலை ஒடைச்சுப் புடுங்கிக் குடுத்த எடம், தம்பிக்குத் தங்கலன்னு சொல்லுவாங்க. எங்கண்ணன் அப்படிப்பட்டவன் இல்லன்னு காட்டணும்னு ஓடினேன். வருஷா வருஷம் ஊசி போட்டுக்கிட்டு ஓடினேன். எம் பொண்ணு தலைமுடியை ஒரு தடவை பின்னிவிட முடியல இந்தக் கையால." கையை நீட்டிக் காட்டினான். விரல்கள் மடங்கியும் மடங்காமலும் நின்றன. "நீ செஞ்சதை மறைக்கவா நான் பத்தொம்பது வருஷம் ஓடினேன்?"

ஆல்வின் அந்த விரல்களைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் தம்பி ஏன் ஆட்டத்தை விடவில்லை என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. மார்லனுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தான். அதை நினைத்தபோதுதான் நெஞ்சு கிழிந்தது.

மார்லன் குனிந்து இரண்டு மணிக்கட்டாலும் ஒரு பந்தை எடுத்தான். சந்துக்கு நடந்தான். தோள்கவசம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"வந்து நில்லு," என்றான்.

கழுத்தில் ஆணியை வைத்துக்கொண்டு இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று டீக்கன் குறுக்கே போனார். கேஷியஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டான். இது அவர்கள் வீட்டு வழக்கு, விடுங்கள் என்றான். இப்போது அவனும் சிரிக்கவில்லை.

ஆல்வின் எழுந்து போய்ப் பைகளுக்கு நடுவே நின்றான். தம்பி எப்படி ஓடுவான் என்று அவனுக்குத் தெரியும். வலது காலை ஊன்றுவான், இடது பக்கம் நழுவுவான். பத்தொன்பது வருடமும் அதையேதான் செய்தான், சந்திலும் பையை உரசிக்கொண்டு எப்படியாவது அந்தப் பக்கம்தான் ஒதுங்குவான். தாங்கிப் பிடித்துக் கீழே உட்காரவைத்துவிடலாம், கழுத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆல்வின் அந்தப் பக்கமாகச் சற்று ஒதுங்கிக் கைகளை விரித்தான்.

விசில் யாரும் ஊதவில்லை. மார்லன் வந்தான். வலது காலை ஊன்றினான். நழுவவில்லை. நேராக வந்தான். தோள் ஆல்வினின் கழுத்தெலும்பில் இறங்கியபோது எழுந்த சத்தம் மீன் சட்டிவரைக்கும் கேட்டது. ஆல்வின் பின்னால் பறந்து தலை தரையில் பட விழுந்தான். மார்லன் முட்டியால் அவன் விலாவில் ஏறி, வாயில் ஏறி, மறுபக்கம் போய் நின்றான். வாய்க்குள் பல் ஒன்று புரண்டது. இடது கையைத் தூக்கப் பார்த்தான், கை அவன் சொல்வதைக் கேட்கவில்லை. வானம் வெள்ளையாக இருந்தது.

மறுமுனையில் மார்லன் குனிந்து மூச்சு வாங்கினான். தோளில் சட்டை கிழிந்து ரத்தம் தெரிந்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது, அதைத் துடைக்கவில்லை. பைகளைச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பிப் போனான்.

போதும் மார்லன், செத்துடுவான் என்று ஹோரஸ் கெஞ்சினார். மார்லன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பந்தை விலாவோடு இடுக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தான்.

"எந்திரிண்ணே," என்றான்.

ஆல்வின் பல்லைத் துப்பினான். வலது கையைத் தரையில் ஊன்றி ஒரு முட்டியில் எழுந்தான், பிறகு இரண்டு காலிலும் நின்றான். இடது கை செத்த மாதிரி தொங்கியது. இந்த முறை ஒதுங்கவில்லை. காலை அகட்டி, சந்துக்கு நட்ட நடுவில், நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மார்லன் ஓடி வந்தான்.